வண்டிச் சோதனையும் ஆய்வாளர் கையேடும்

1899-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள். லண்டன் நகரை அடுத்த ஹாரோ என்னும் ஊரில், குன்றிலிருந்து இறங்கும் ஒரு செங்குத்தான சாலையில், டெய்ம்லர் மோட்டார் வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. வண்டியின் திறமையைப் பிறருக்குக் காட்டுவதற்காக நடந்த ஓட்டம் அது. இறக்கத்தில் வேகம் கூடிற்று. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். பின் சக்கரம் ஒன்று நொறுங்கியது. வண்டியில் இருந்தவர்கள் தூக்கி எறியப்பட்டனர். ஓட்டுநர் அங்கேயே இறந்தார். பயணி ஒருவர் சில நாட்களில் இறந்தார். பிரிட்டனில் மோட்டார் வண்டியை ஓட்டிச் சென்றவர் விபத்தில் மாண்ட தொடக்கக் கால நிகழ்ச்சிகளுள் அதுவும் ஒன்று.

சாலை விபத்து என்றதும் ஓட்டுநரின் தவறே நம் நினைவுக்கு வருகிறது. அந்த விபத்தில் வேகத்தோடு சக்கரத்தின் வலிமைக் குறைவும் சேர்ந்து உயிரைப் பறித்தது. அப்படியானால் ஓட்டுநருக்குத் தேர்வு வைப்பது போலவே வண்டிக்கும் தேர்வு வைக்க வேண்டாமா? வைக்கலாம். ஆனால் உடனே மூன்று கேள்விகள் எழுகின்றன. வண்டியைப் பார்ப்பவர் எதை எதைப் பார்க்க வேண்டும்? எந்த அளவுகோல் கொண்டு 'தேறியது', 'தவறியது' என்று சொல்ல வேண்டும்? அந்த அளவுகோல் அவர் கைக்கு எவ்வாறு வந்து சேரும்?

முதல் இரண்டு கேள்விகளைப் பற்றிப் பொறியியல் நூல்கள் நிறையப் பேசுகின்றன. மூன்றாவது கேள்வி அற்பமானதாகத் தோன்றும். உண்மையில் பிரிட்டனின் வண்டிச் சோதனை வரலாற்றில் மிக நீண்ட காலம் எடுத்துக்கொண்டது அந்த மூன்றாவது கேள்விதான். அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

சட்டம் வந்தது, சோதனை வரவில்லை

குதிரை இல்லாமல் ஓடும் வண்டிகளுக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து செல்ல வேண்டும் என்ற பழைய விதி 1896-ல் நீங்கியது. 1903-ஆம் ஆண்டுச் சட்டம் வண்டிகளுக்குப் பதிவு எண் கொடுத்தது. மணிக்கு 20 மைல் என்று வேக வரம்பும் விதித்தது. 1919-ல் போக்குவரத்து அமைச்சகம் தோன்றியது. 1930-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டில் 'நெடுஞ்சாலை விதித்தொகுப்பு' என்ற சிறு நூல் வெளிவந்தது. அதன் விலை ஒரு பென்னி. சாலையில் எவ்வாறு செல்ல வேண்டும் என்று அரசு சொல்வதை, ஒரு பென்னி வைத்திருந்தவர் எவரும் வாங்கிப் படிக்கலாம் என்ற நிலை அப்போதே ஏற்பட்டுவிட்டது. 1935-ல் புதிய ஓட்டுநர்களுக்குத் தேர்வும் கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய ஆண்டான 1934-ல் மட்டும் பிரிட்டனின் சாலைகளில் 7,343 பேர் இறந்திருந்தனர்.

இவ்வளவும் ஓட்டுநரைப் பற்றியவை. வண்டியைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லாமல் இல்லை. வண்டியின் கட்டமைப்பும் பயன்பாடும் எவ்வாறு இருக்க வேண்டும் என்று விதிகள் இருந்தன. ஆனால் தனியார் கார் ஒன்று அந்த விதிகளின்படி இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்ப்பதற்கு ஆளில்லை. போலீஸ்காரர் வழியில் நிறுத்தினால்தான் உண்டு. புதிதாக வாங்கும்போது சரியாக இருந்த பிரேக்கு பதினைந்தாம் ஆண்டில் என்ன நிலையில் இருக்கிறது என்பது உரிமையாளரின் மனச்சாட்சியைப் பொறுத்ததாக இருந்தது.

பத்தாண்டுச் சோதனை

இரண்டாம் உலகப் போர் இந்த நிலையை மாற்றியது. போர் முடிந்தபின் பிரிட்டனுக்கு அன்னியச் செலாவணி மிகவும் தேவைப்பட்டது. தொழிற்சாலைகளில் உருவான புதிய கார்களில் பெரும்பகுதி ஏற்றுமதியாயிற்று. உள்நாட்டு மக்கள் போருக்கு முந்திய கார்களையே ஓட்டிக்கொண்டிருந்தனர். 1950-களில் சாலைகளில் வண்டிகள் பெருகின. கிழட்டு வண்டிகளும் அவற்றோடு கலந்து ஓடின.

1956-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பழைய வண்டிகளைச் சோதிக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. எர்னெஸ்ட் மார்ப்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது, 1960 செப்டம்பரில், சோதனை தொடங்கியது. பத்தாண்டு கடந்த வண்டிகளுக்கு மட்டும் என்பதால் மக்கள் அதைப் 'பத்தாண்டுச் சோதனை' என்று அழைத்தனர். பிரேக்கு, விளக்கு, ஸ்டீயரிங் ஆகிய மூன்றுமே பார்க்கப்பட்டன. நம் நாட்டில் 'எஃப்.சி.' என்று சொல்லப்படும் தகுதிச் சான்றைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

விளைவு அரசையே திடுக்கிட வைத்தது. எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான வண்டிகள் தவறின. ஆகவே பத்தாண்டு என்ற வரம்பு 1961-ஆம் ஆண்டின் இறுதியில் ஏழாண்டாகக் குறைக்கப்பட்டது. 1967 ஏப்ரலில் அது மூன்றாண்டாயிற்று. போக்குவரத்து அமைச்சகம் என்ற ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைக் கொண்டு இச்சோதனை 'எம்.ஓ.டி.' என்று வழங்கலாயிற்று. 1970-ல் அந்த அமைச்சகமே வேறொரு பெருந்துறையோடு இணைந்து பெயர் மறைந்தது. சோதனையின் பெயர் மட்டும் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்தவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். நாடெங்கும் இருந்த சாதாரணப் பட்டறைகளில் தகுதியானவற்றுக்கு அரசு அனுமதி அளித்தது. அங்கு வேலை செய்த தேர்ந்த மெக்கானிக்குகளே ஆய்வாளர்கள். வட அயர்லாந்து வேறு வழியைத் தேர்ந்தது. அங்கே அரசின் சொந்த நிலையங்களில்தான் சோதனை நடைபெறுகிறது; அவை விரல்விட்டு எண்ணத்தக்க சில நிலையங்களே. பிரிட்டனிலோ இன்று ஏறத்தாழ 23,000 நிலையங்கள் உள்ளன. ஆண்டுக்கு 3 கோடிக்கும் மேற்பட்ட சோதனைகள் நடக்கின்றன.

பட்டறைக்காரரே ஆய்வாளர் என்பதில் வசதி உண்டு. ஐயத்துக்கும் இடம் உண்டு. 'பிரேக்கு சரியில்லை' என்று சொல்பவரே 'நானே பழுது பார்த்துத் தருகிறேன்' என்றும் சொல்கிறார். அவர் சொல்வது மெய்தானா? மறுபுறம், நெடுநாள் வாடிக்கையாளரின் மனம் நோகக்கூடாதென்று குறையைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? முதல் தவறில் உரிமையாளரின் பணம் போகும். இரண்டாவது தவறில் வழியில் செல்லும் யாரோ ஒருவரின் உயிர் போகும். இரண்டையும் தடுக்க ஒரே வழிதான் உண்டு. ஆய்வாளரின் விருப்பு வெறுப்புக்கு அப்பாற்பட்ட அளவுகோல் ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும்.

ஊசலும் உருளையும்

எழுத்தில் இருப்பது என்றால் என்ன? பிரேக்கையே எடுத்துக்கொள்வோம். 'பிரேக்கு நன்றாக இருக்க வேண்டும்' என்று எழுதினால் பயனில்லை. நன்றாக என்பதை எண்ணாக மாற்ற வேண்டும்.

தொடக்கக் காலத்தில் இதற்குப் பயன்பட்ட கருவிகளுள் ஒன்று டேப்லி மீட்டர். அதனுள் ஓர் ஊசல் உண்டு. கருவியை வண்டியின் தரையில் வைத்து, வெற்றுச் சாலையில் ஓட்டிச் சென்று பிரேக்கை அழுத்துவார்கள். பேருந்து திடீரென்று நின்றால் நாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? அதுபோல ஊசல் முன்னே சாயும். வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறதோ அவ்வளவு அதிகமாகச் சாயும். அந்தச் சாய்வைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் விழுக்காடாக மீட்டர் காட்டும்.

50 விழுக்காடு என்றால் வண்டியின் வேகம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவில் குறைகிறது என்று பொருள். மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி இந்நிலையில் பிரேக்கு பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 18 மீட்டரில் நிற்கும். திறன் 30 விழுக்காடாக இருந்தால் நிற்க 30 மீட்டர் வேண்டும். இடையிலுள்ள 12 மீட்டரில் ஒரு பள்ளிக்கூட வாசல் இருந்தால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள்.

பின்னர் உருளைக் கருவி பரவலாயிற்று. வண்டியின் ஓர் அச்சிலுள்ள இரு சக்கரங்களும் தரையில் பதித்த உருளைகள்மீது நிற்கும். மின்மோட்டார் உருளைகளைச் சுழற்றும். பிரேக்கை அழுத்தினால் ஒவ்வொரு சக்கரமும் உருளையை எவ்வளவு விசையோடு தடுக்கிறது என்பது தனித்தனியே தெரியும். எல்லாச் சக்கரங்களின் விசையையும் கூட்டி வண்டியின் எடையால் வகுத்தால் பிரேக்கின் திறன் கிடைக்கும். இன்றைய பிரிட்டிஷ் கையேட்டின்படி, 2010 செப்டம்பருக்கு முன் ஓடத் தொடங்கிய காருக்கு இது 50 விழுக்காடாவது இருக்க வேண்டும். அதற்குப் பின் வந்த காருக்கு 58 விழுக்காடு.

கூட்டுத்தொகை மட்டும் போதுமா? 1,200 கிலோ எடையுள்ள ஒரு பழைய காரை நினைத்துக்கொள்வோம். அதன் இடது முன்சக்கரம் 260, வலது முன்சக்கரம் 170, பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் 130 என்று விசை காட்டுகின்றன. மொத்தம் 690. திறன் 57 விழுக்காட்டுக்கும் மேல். கார் தேறிவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் முன்சக்கரங்களைப் பாருங்கள். வலது சக்கரத்தின் விசை இடது சக்கரத்தின் விசையில் 65 விழுக்காடுதான். அவசரத்தில் பிரேக்கை அழுத்தினால் கார் இடப்புறமாக இழுத்துக்கொண்டு ஓடும். ஓர் அச்சில் வலுக்குறைந்த சக்கரத்தின் விசை மற்றதில் 70 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பது விதி. ஆகவே இந்தக் கார் தவறியது. ஸ்டீயரிங்கால் திரும்பும் அச்சில் இது 50 விழுக்காட்டுக்கும் கீழே போனால் கார் 'அபாயமானது' என்றே முத்திரை பெறும்.

இந்த 70, இந்த 50 ஆகிய எண்கள் ஆய்வாளருக்குத் தெரியாவிட்டால் உருளைக் கருவி எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தும் பயனில்லை. கருவி எண்ணைச் சொல்லும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதைக் கையேடுதான் சொல்லும்.

கருவி இல்லாத இடத்தில்

எல்லாவற்றையும் கருவியால் அளக்க முடியாது. துரு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலைகளில் உப்பு தூவும் நாடு பிரிட்டன். அந்த உப்பு வண்டியின் அடிப்பகுதியைத் தின்றுவிடும். துரு எங்கும் இருக்கும். எந்தத் துரு ஆபத்தானது?

கையேடு இதற்கு எல்லை வகுக்கிறது. ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், பிரேக்கு, இருக்கை வார் போன்றவை வண்டியின் உடலோடு பொருந்தும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் உள்ள பகுதி தனிக் கவனத்துக்கு உரியது. அங்கே தகடு துருவால் வலுவிழந்திருந்தால் வண்டி தவறும். வலுவை அறிவது எப்படி? விரலாலும் கட்டைவிரலாலும் அழுத்திப் பார்க்கலாம். அதற்கென உள்ள சிறு கருவியால் மெல்லத் தட்டலாம், சுரண்டலாம். திருப்புளியை எடுத்துக் குத்தித் துளைபோடக் கூடாது. வலுவான ஆள் ஓங்கிக் குத்தினால் நல்ல தகட்டிலும் ஓட்டை விழும் அல்லவா? ஆய்வாளரின் கை வலிமைக்கும் ஒரு வரம்பு கட்டியிருக்கிறார்கள்.

முன்கண்ணாடியும் இப்படித்தான். சிறு கல் தெறித்து விழுந்த புள்ளிக்காக ஒருவரின் கண்ணாடியை மாற்றச் சொல்லலாமா? ஸ்டீயரிங் வட்டத்தின் நடுவை மையமாகக் கொண்டு 290 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு செங்குத்துப் பட்டையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஓட்டுநரின் பார்வை செல்லும் வழி அது. துடைப்பான் துடைக்கும் பரப்பில், அந்தப் பட்டைக்குள் 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சேதம் இருந்தால் வண்டி தவறும். பட்டைக்கு வெளியே 40 மில்லிமீட்டர் வரை பொறுத்துக்கொள்ளலாம். ஒரு வாக்குவாதம் ஓர் அளவுகோலின் முன் அடங்கிவிடுகிறது.

டயரின் கதையும் சுருக்கமாகச் சொல்லத்தக்கது. 1968-ல் சட்டம் கேட்ட பட்டை ஆழம் 1 மில்லிமீட்டர். 1992 முதல் கார்களுக்கு அது 1.6 மில்லிமீட்டர். டயரின் அகலத்தில் நடுவிலுள்ள முக்கால் பங்கில், சுற்றளவு முழுவதும் அந்த ஆழம் இருக்க வேண்டும். மாற்றம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் அந்தச் செய்தி கிடைக்காத ஆய்வாளர் ஒருவர் பழைய அளவையே பயன்படுத்தியிருந்தால், சட்டம் தள்ளிவிட்ட டயர்களுக்கு அவர் நற்சான்று கொடுத்துக்கொண்டிருப்பார். அவர் திறமையற்றவர் அல்லர், நேர்மையற்றவரும் அல்லர். அவர் கையில் இருந்த தாள் பழையது. அவ்வளவே.

நூலும் தனித்தாள்களும்

சோதனை விரிய விரியக் கையேடும் பருத்தது. 1977-ல் துடைப்பான், திசைகாட்டி விளக்கு, ஹாரன், புகைக்குழாய், வண்டியின் உடற்கட்டு முதலியவை சேர்ந்தன. 1991-ல் பெட்ரோல் வண்டிகளின் புகை அளவு சேர்ந்தது. சில ஆண்டுகளில் டீசல் புகையும் சேர்ந்தது. சரக்கு லாரிகளுக்கு 1968 முதல் தனி ஆண்டுச் சோதனை. அதற்குத் தனிக் கையேடு. மோட்டார் சைக்கிளுக்கு இன்னொன்று.

கையேட்டை அரசு அச்சிட்டு விற்றது. ஒவ்வொரு நிலையமும் நடப்புப் பதிப்பை வைத்திருக்க வேண்டும். இடையில் மாற்றம் வந்தால் 'சிறப்பு அறிவிப்பு' வரும். ஆய்வாளர் அதைப் படித்துக்கொள்ள வேண்டும்.

அச்சுநூலின் இயல்பை எண்ணிப் பார்த்தால் இதிலுள்ள சங்கடம் விளங்கும். நூல் அச்சேறும் நாளில் சரியாக இருக்கும். முதல் திருத்தம் வரும் நாளில் அதன் ஒரு பக்கம் பொய்யாகிவிடும். ஆனால் அந்தப் பக்கம் தன் முகத்தில் 'நான் பொய்யானேன்' என்று எழுதிக் காட்டாது. திருத்தத்தாளை எடுத்து உரிய இடத்தில் வைப்பதற்கு ஒருவர் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு நிறைந்த பட்டறையில், வேலை நெருக்கடியில், அது மறந்துபோவது இயற்கை. ஆயிரக்கணக்கான நிலையங்களில் ஆயிரக்கணக்கான பிரதிகள். நூற்றில் ஒரு சோதனையில் மட்டும் தவறு நேர்ந்தாலும், ஆண்டுக்கு 3 கோடி சோதனை என்ற கணக்கில் அது 3 லட்சம் வண்டிகள்.

இன்னொரு குறையும் உண்டு. காரின் உரிமையாளர் அந்த நூலைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார். விலை கொடுத்தால் வாங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் பயன்படும் தொழில்நூலை யார் வாங்குவார்? ஆகவே பட்டறையில் 'தவறியது' என்று சொன்னால், அவர் வாய்மூடிப் பணம் கட்டினார். அல்லது மனம் குமைந்து வேறு பட்டறையைத் தேடினார்.

கணிப்பொறி வந்தபின்

2005-ல் தொடங்கி அடுத்த ஆண்டில் எல்லா நிலையங்களும் ஒரு மையக் கணிப்பொறியோடு இணைக்கப்பட்டன. அதுவரை சான்றிதழ் கையால் எழுதப்பட்டது. திருட்டுத் தாளிலும் சான்று எழுத முடிந்தது. இணைப்புக்குப் பின் மையப் பதிவேட்டில் உள்ள முடிவே உண்மைச் சான்று. தாள் வெறும் ரசீது போன்றது. ஒரு வண்டியின் பழைய சோதனை முடிவுகளை இன்று யாரும் பதிவெண்ணைக் கொண்டு இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பழைய கார் வாங்குபவர்களுக்கு இது பெரிய உதவி.

கையேடும் மெல்ல மெல்லத் திரைக்கு வந்தது. முதலில் அது பி.டி.எஃப். என்ற கோப்பு வடிவத்தில் கிடைத்தது. இவ்வடிவம் அச்சுப்பக்கத்தை நிழற்படம் எடுத்து வைத்தது போன்றது. தபாலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்ற நன்மை உண்டு. ஆனால் பெரிய தாளுக்கென வகுத்த பக்கத்தைச் சிறு கைப்பேசியில் படிப்பது எளிதன்று. பதிவிறக்கி வைத்த கோப்பும் அச்சுநூலைப் போலவே பழையதாகும். அலமாரியில் இருந்த பழைய நூல் கணிப்பொறிக்குள் இருக்கும் பழைய நூலாயிற்று என்றே சொல்ல வேண்டும்.

கையேடு திறந்த ஆண்டு

2018 மே 20-ஆம் நாள் ஒரு திருப்பம். ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் இயற்றிய நெறிமுறை ஒன்று அன்று செயலுக்கு வந்தது. பிரிட்டனும் அப்போது ஒன்றியத்தில் இருந்தது. அந்நெறிமுறையின்படி குறைகள் மூன்று தரமாகப் பிரிக்கப்பட்டன. சிறுகுறை இருந்தால் வண்டி தேறும். ஆனால் குறை எழுதப்படும். பெருங்குறை இருந்தால் தவறும். அபாயக் குறை இருந்தால், பழுது பார்க்காமல் வண்டியைச் சாலையில் ஓட்டக்கூடாது.

இதற்காகக் கையேடு முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. பிரேக்கு, ஸ்டீயரிங், பார்வை, விளக்கு என்று பிரிவுகள் எண்ணிட்டு வகுக்கப்பட்டன. ஒவ்வொரு குறைக்கும் எதிரே அதன் தரம். புதிய கையேடு பிரிட்டிஷ் அரசின் பொது இணையதளத்தில் சாதாரண இணையப் பக்கமாகவே வெளியிடப்பட்டது. விலை இல்லை. கடவுச்சொல் இல்லை. ஆய்வாளர் படிப்பதும் உரிமையாளர் படிப்பதும் ஒரே பக்கம். சொல்லைத் தட்டித் தேடலாம். திரை சிறியதானால் எழுத்து தானே அதற்கேற்ப ஒழுங்காகும். திருத்தம் செய்தால் அன்றே எல்லோருக்கும் திருத்தமான பக்கம் கிடைக்கும். என்ன மாறிற்று என்ற குறிப்பும் உடன் இருக்கும்.

அதே ஆண்டு செப்டம்பரில் பொதுத்துறை இணையதளங்களைப் பற்றிய விதிகள் பிரிட்டனில் நடப்புக்கு வந்தன. பார்வை முதலிய குறை உள்ளவர்களும் பயன்படுத்தக்கூடிய வகையில் அரசு வெளியீடுகள் அமைய வேண்டும் என்று அவை கட்டளையிட்டன. எழுத்தைப் பெரிதாக்கினால் கலையாத பக்கம், உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருளுக்கு விளங்கும் தலைப்பு முதலிய ஏற்பாடுகள் இதனால் வந்தன. முதலில் சிலருக்கென்று செய்த வசதி பிறகு எல்லோருக்கும் பயன்படுவது தொழில்நுட்ப வரலாற்றில் புதிதன்று. கண் கூர்மை குறைந்த ஐம்பது வயது ஆய்வாளர், மங்கிய வெளிச்சத்தில் வண்டியின் அடியில் நின்று படிக்க வேண்டியிருக்கிறது அல்லவா?

திறந்த கையேடு உரிமையாளருக்குக் கொடுத்தது என்ன? 'ஏன் தவறியது?' என்று பிரிவு எண்ணைச் சொல்லிக் கேட்கும் உரிமை. முடிவு தவறென்று தோன்றினால் 14 வேலை நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய விதி ஏற்கெனவே இருந்தது. தவறாகத் 'தேறியது' என்று சான்று கொடுத்தாலும் முறையிடலாம். சாதாரணக் குறைகளுக்கு 28 நாட்கள். துருவுக்கு 3 மாதங்கள். ஆனால் விதி என்னவென்று தெரியாதவருக்கு மேல்முறையீடு வெறும் ஏட்டுச் சுரைக்காய். கையேடு கைக்கு வந்தபோதுதான் அந்த உரிமைக்கு உயிர் வந்தது.

படித்தால்தானே பயன்?

நூல் எட்டும் தொலைவில் இருந்தால் மட்டும் போதுமா? 2016 முதல் ஆய்வாளர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுத வேண்டும் என்ற விதி வந்தது. ஆண்டுக்குக் குறைந்தது 3 மணி நேரம். ஐந்தாண்டில் 16 மணி நேரம். தேர்ச்சிக்கு முதலில் 50 விழுக்காடு போதுமானதாக இருந்தது. படிப்படியாக அது 80 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஏற்கெனவே சோதிக்கப்பட்ட வண்டியை அரசு அலுவலர்கள் மறுபடி சோதித்துப் பார்ப்பதும் உண்டு. இருவர் முடிவும் முரண்பட்டால் விசாரணை வரும். அனுமதியே போகவும் கூடும்.

விதி இல்லாத இடம்

கையேட்டைச் சரியாகப் படித்தும் ஆபத்தைத் தடுக்க முடியாத ஓர் இடமும் உண்டு. கையேட்டிலேயே அந்த விதி இல்லாதபோது என்ன செய்வது?

2012 செப்டம்பர் 10-ஆம் நாள், இசை விழா ஒன்றிலிருந்து திரும்பிய பயணிகளை ஏற்றிவந்த பேருந்து, இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் ஹைண்ட்ஹெட் அருகே சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. ஓட்டுநரும் இளம் பயணிகள் இருவரும் இறந்தனர். முன்சக்கரத்தின் டயர் வெடித்ததே காரணம். அந்த டயரின் வயது ஏறத்தாழ இருபது ஆண்டு. ரப்பரை வெப்பமும் ஆக்சிஜனும் நாள்தோறும் கெட்டியாக்குகின்றன. உள்ளடுக்குகளின் பிணைப்பு தளர்கிறது. வெளியே பட்டை ஆழமாகத் தெரிந்தாலும் உள்ளே டயர் உதவாமல் போகிறது. பட்டை ஆழத்துக்கு விதி இருந்தது. வயதுக்கு விதி இல்லை.

மகனை இழந்த ஒரு தாய் பல ஆண்டுகள் இடைவிடாது குரல் எழுப்பினார். 2013-ல் அரசு ஓர் அறிவுரை வெளியிட்டது: பத்தாண்டு கடந்த டயரைப் பேருந்தின் முன் அச்சில் பயன்படுத்த வேண்டாம். அறிவுரை சட்டம் அன்று. 2021 பிப்ரவரி 1-ஆம் நாள்தான் லாரி, பேருந்து ஆகியவற்றின் முன் அச்சில் பத்தாண்டு கடந்த டயர் தடை செய்யப்பட்டது. தயாரிப்புத் தேதியைக் காட்டும் குறியும் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அந்த விதியின் ஒரு பகுதி. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்களைக் காணலாம். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். அந்நாள் முதல் ஆய்வாளர் அந்த நான்கு இலக்கங்களைப் படித்தாக வேண்டும்.

விபத்துக்கும் விதிக்கும் இடையே எட்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. கையேடு ஒருமுறை எழுதி முடிக்கும் நூல் அன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. சாலையில் நேர்வது ஆய்வுக்கூடத்துக்கும், ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது சட்டத்துக்கும், சட்டத்தில் எழுதியது ஆய்வாளர் கைக்கும் வந்து சேர வேண்டும். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி அறுந்திருந்தால் முதல் மூன்றும் வீணே. 1960-ல் அந்தக் கடைசிக் கண்ணி தபாலில் வந்த தாளாக இருந்தது. இன்று அது சில நொடிகளில் திரையில் தோன்றும் பக்கம். வேகம் மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை.

ஆண்டுக்கு ஒரு நாள், அரை மணிக்கும் ஒரு மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில், முன்பின் அறியாத ஒருவர் நம் வண்டியின் அடியில் நின்று விளக்கைப் பிடித்துப் பார்க்கிறார். அவர் கண் கூரியதாக இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கண் எதைத் தேட வேண்டும் என்பது, அவருக்கும் நமக்கும் ஒரே சொற்களில், இன்றைய தேதியில் தெரிந்திருக்க வேண்டும்.